கொல்லிமலைக்கு இரவல் போன சென்டர் பார்வர்டு

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள். இல்லையென்றால் மிளகு வாங்கப் போவார்கள். நான் போனது ஒரு பந்தாட்டக்காரனைப் பார்த்துவிட்டு வர.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லின் புட்பால் டீமுக்கு லைன்ஸ்மேன். கோட்டோரமாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேனே தவிர, பந்தைக் காலால் தொட்டது கிடையாது. எங்கள் டீமில் அர்த்தநாரி என்று பத்தொன்பது வயதில் ஒருவன் இருந்தான். திருச்செங்கோட்டுப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்டர் பார்வர்டு, அதாவது கோல் போடுவதற்கென்றே முன்னால் நிற்கிற ஆள். ஆனால் அந்த இடத்துக்கு அவனைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் அவன் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவல் இருந்தான்.

கொல்லிமலைக்கு அப்போது ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த ஓவர்சியர் தங்கராஜ் நாகர்கோவில்காரர், பந்தாட்டப் பைத்தியம். கல் உடைக்கிறவர்களையும் வெடி வைக்கிறவர்களையும் சேர்த்து ஒரு டீம் கட்டிவிட்டார். கோல் போட மட்டும் ஆள் இல்லை. எங்கள் டீம் செயலாளர் அவருக்குப் பழைய சிநேகிதர். ஒரு பார்வர்டை இரவல் கொடுங்கள், வேலையும் சோறும் என் பொறுப்பு என்று தங்கராஜ் அவருக்கு எழுதினார். செயலாளர் கொஞ்சமும் யோசிக்காமல் அர்த்தநாரியை அனுப்பிவைத்தார்.

மூன்று மாதம் கழித்து, தை பிறந்ததும், செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல போய் அந்தப் பையன் ஆடுறதை ஒரு ஆட்டம் பாருங்க. கோல் போட்டான்னா கையோட கூட்டிட்டு வாங்க. போடலைன்னா இதைக் கொடுத்துட்டு வந்துடுங்க" என்று ஓர் உறையை நீட்டினார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அன்று காலை அதை டைப் அடித்ததே நான்தான். மில்லில் இனி அவனுக்கு வேலை இல்லை என்று மூன்று வரி.

பஸ் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை நின்றது. முதல் முறை டயர். இரண்டாம் முறை, டிரைவருடைய மாமனார் ஊர் வழியில் இருந்தது. அவர் இறங்கிப் போய் ஒரு பூசணிக்காயோடு திரும்பி வரும்வரை நாங்கள் எல்லோரும் புளியமரத்தடியில் நின்றோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கமாக இருந்தால் அதற்குள் நாலு பேர் கலெக்டருக்கு மனு எழுதியிருப்பார்கள்.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதில் ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. இங்கே கழுத்தை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் மலை முடியவில்லை. ரோடு வெட்டி முடித்த தூரம் வரை ஒரு லாரி போகும் என்றார்கள். அதன் டிரைவர் என் வேட்டியையும் குடையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறிக்குங்க. ஆனா ஒண்ணுங்க, நான் சத்தம் போட்டேன்னா உடனே குதிச்சுரோணும்."

வளைவுகளில் லாரி ஒரே மூச்சில் திரும்பாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும். பின்னால் வரும்போது கிளீனர் ஒரு கட்டையோடு ஓடிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். கட்டை விழும் சத்தம் கேட்கும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது. ஆறாவது வளைவில் டிரைவர் சத்தம் போட்டார். குதித்துவிட்டேன். குதித்த பிறகுதான், எதிரே நின்ற மாட்டை அவர் விரட்டினார் என்பது தெரிந்தது. முழங்காலில் தோல் போயிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பரவால்லீங்க, சொன்ன பேச்சுக் கேக்கறீங்க" என்று பாராட்டினார்.

ரோடு முடிந்த இடத்திலிருந்து நடை. கீழே உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மேலே போன சடையன் என்பவர், என் பையை வாங்கித் தம் சுமைமேல் வைத்துக்கொண்டார். மலையில் சாமை விதைக்கிறவர். நாற்பது வயது இருக்கும்; வெறுங்கால். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கும்போதெல்லாம், "இந்தா, வந்துருச்சுங்க" என்றார். முதலில் நம்பினேன். மூன்றாவது மணி நேரத்தில்தான், அது தூரத்தைப் பற்றிய பதில் இல்லை, என்மேல் கொண்ட இரக்கம் என்று புரிந்தது.

"அத்தநாரியப் பாக்கவா வாரீங்க?" என்றார். "நல்ல பையனுங்க. போன மாசம் வெடிக்கல்லு தெறிச்சு ஒருத்தருக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. தூளி கட்டி இதே வழியில எறக்குனோம். முன்னால புடிச்சது அவந்தான். காரவள்ளி போற வரைக்கும் தோள மாத்தலீங்க."

"ஆட்டம் எப்படி?"

சடையன் சுமையைச் சரிசெய்துகொண்டார். "அதுங்க... பந்து உருண்டையா இருக்குதுங்களே, அவன் என்ன பண்ணுவான்?"

மேலிருந்தும் ரோடு வெட்டிவந்தார்கள்; மலைமேல் செம்மேட்டில் அந்த வேலைக்காரர்களுக்குத் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். சமையல் கொட்டகையை நடத்திய நல்லம்மா அந்த மலையிலேயே பிறந்தவர். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பின்னாலேயே காது மடல்வரை சுடுகிற மிளகு ரசம். மன்னார்குடியில் நெல்லுச் சோறு இல்லாத இலையை நாங்கள் இலையாகவே மதிப்பதில்லை. அன்று மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

"அத்தநாரி ஊட்டுக்காரங்களுங்களா நீங்க?" என்று கேட்டார் நல்லம்மா.

"இல்லை, மில்லிலிருந்து வருகிறேன்."

கரண்டி நின்றது. "கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

"அது அவன் ஆடுவதைப் பொறுத்து."

அவர் முகம் உடனே தெளிந்தது. "அப்பப் பயமில்லீங்க. பையன் இங்கயேதான் இருப்பான்" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அர்த்தநாரி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். இளைத்திருப்பான் என்று நினைத்தேன். தோள்கள் அகன்று, முகம் கறுத்து, வேறு ஆளாக இருந்தான்.

"சார், நீங்களா? இந்தக் காலோட நடந்தேவா வந்தீங்க?" என்று ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். மில்லில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தான். ஸ்பின்னிங் மேஸ்திரியின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்றுகூடக் கேட்டான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த உறை அன்று பூராவும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் ஓவர்சியர் தங்கராஜ் என்னை வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் பாய்களில் மிளகு காய்ந்தது. பச்சை மிளகு கறுப்பாகும் வாசனை தும்மலையும் பசியையும் சேர்த்தே கொண்டுவந்தது. நடந்துகொண்டே நான் எதிர்பார்த்த பேச்சை அவரே எடுத்தார்.

"ஏழு ஆட்டம் ஆடியிருக்கான். ரெண்டு கோல். அதுல ஒண்ணு அவன் அடிச்சதில்ல, வேற யாரோ அடிச்சது முதுகுல பட்டு உள்ள போச்சு."

"அப்படியானால் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?"

"அவன் வந்த பிறகு என் ஆளுக ஒருத்தரும் வேலைய விட்டுட்டு ஓடலை. அவன் வர்றதுக்கு முன்னாடி மாசம் பத்துப் பேர் ஓடுவான். பந்து கிடக்கட்டும், இவனை மேஸ்திரியாக்கப் போறேன்." பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க கெடுத்திராதீங்க."

மூன்றாம் நாள் செம்மேட்டுச் சந்தை. சந்தை நாளில்தான் ஆட்டம். அப்போதுதான் பார்க்கக் கூட்டம் இருக்கும். மலை வாழைத் தார்களுக்கும் மரவள்ளிக்கிழங்குக் குவியல்களுக்கும் நடுவில் காளப்பநாயக்கன்பட்டி டீம் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் கிளம்பி மலையேறியிருந்தார்கள். பாதிப் பேர் வந்ததும் படுத்துவிட்டார்கள். நல்லம்மா எல்லோருக்கும் வெல்லக் காப்பி கொடுத்து எழுப்பினார்.

அறுவடையான சாமைக் காடுதான் மைதானம். மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. மூங்கில் நட்டு, மேலே கயிறு கட்டியிருந்தார்கள், அதுதான் கோல். கீழ்ப்பக்கக் கோலைத் தாண்டினால் பந்து ஓடைக்குள் போய்விடும். அதை எடுத்துவர ஆள் இறங்கிப் போகும்போதெல்லாம் இரண்டு டீமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். லைன்ஸ்மேன் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நல்லம்மாவின் சிவப்புத் துண்டைக் குச்சியில் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்கள். நடுவர், காளப்பநாயக்கன்பட்டிப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்.

லைன்ஸ்மேன் பந்தைப் பார்ப்பதில்லை, ஆட்களைப் பார்க்கிறவன். பந்து வருவதற்கு முன் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் என் வேலை. அப்படிப் பழகிய கண்ணோடு அன்று அர்த்தநாரியைப் பார்த்தேன். மில்லில் அவன் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஆடி நான் பார்த்ததில்லை.

முதல் பத்து நிமிஷத்தில் ஒரு பந்து எங்கிருந்தோ வளைந்து வந்தது. கோலுக்கு நேராக அவன் ஒருவன்தான் நின்றான். தலையால் முட்டினான், கயிற்றுக்கு மேலே போயிற்று. அடுத்த முறை அறுத்த சாமைத் தாளில் வழுக்கி விழுந்தான். கூட்டம் அன்பாகச் சிரித்தது. "உடு சாமி, அடுத்ததப் பாத்துக்கலாம்!" என்று கிழங்கு விற்கிற அம்மாள் ஒருவர் கத்தினார். மூன்றாவது நேராகக் கோல்காரரின் காலுக்கே போயிற்று. நான்காவது, அவன் காலை ஓங்கும்போது ஒரு கல்லில் பட்டு எகிறி அவன் மூக்கில் மோதியது. இதற்கிடையில் படுத்திருந்து எழுந்த கீழ்நாட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். கூட்டத்துக்குள்ளிருந்து பந்து கிழக்கே தெறித்தது. அர்த்தநாரி ஏற்கெனவே அங்கே இருந்தான். காலில் இருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தான். பந்து மூங்கிலில் மோத, மூங்கில் சாய, கயிறு அறுந்து கோலே தரையில் விழுந்தது. பந்தைக் காணோம், ஓடைக்குள் போயிருந்தது. "கோலு! கோலு!" என்று சந்தையே உள்ளே ஓடிவந்தது. இல்லை என்று எதிர் டீம் கத்தியது. டிரில் மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு மறைச்சுக்கிச்சுங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. உள்ள போச்சா, வெளிய போச்சா? நீங்க சொல்றதுதான்."

எனக்குத் தெரியும். பந்து மூங்கிலின் வெளிப்புறத்தில் பட்டு வெளியே போனது. உள்ளே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவனை அழைத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். அந்த நூறு முகங்களும் நான் தலையாட்டக் காத்திருந்தன. நல்லம்மா மட்டும் வேறெதையோ வேண்டுவதுபோல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"வெளியே" என்றேன்.

பெருமூச்சுப் போல ஒரு சத்தம் எழுந்தது. அர்த்தநாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க, வெளியதான் போச்சு. நானும் பாத்தேன்" என்றான். அதோடு சண்டை முடிந்தது. விழுந்த மூங்கிலை நட அவனே முதலில் போனான்.

சந்தை கலைந்த பிறகு, காட்டின் மேல்வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார், பையில வச்சிருக்கறதக் குடுத்துருங்க. நானே கேட்டு வாங்கிக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

"தெரியுமா?"

"மில்லுலருந்து ஒருத்தர் மலையேறி வந்தா வேற எதுக்கு வருவாங்க?"

"கொடுக்கப் போறதில்லை. நாளைக்கு நீ என்னோட வர்றே."

அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குனிந்து சாமைத் தாள்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "நான் வரலீங்க சார்."

"ஏன்?"

"அங்க வந்தா மறுபடியும் சட்டைக்குக் காவலு. இங்க வாராவாரம் எறங்கி ஆடறேனுங்க. கோல் உழுகாட்டியும் அடுத்த வாரமும் நாந்தான் சென்டர் பார்வர்டு. நல்லம்மாக்கா சோறு போடுது. ஓவர்சியரு மேஸ்திரி வேலை தாரேங்கறாரு. இதைய உட்டுட்டு எதுக்குங்க?"

எனக்குப் பேச்சுத் திறமை கிடையாது. தெரிந்ததைச் சொன்னேன். "பத்து வருஷமா கொடி பிடிக்கிறேன். நம்ம டீமில் இருக்கிற ரெண்டு பேரும் ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு தடவை கோல் முன்னாடி தனியா நின்னா பெரிசு. நீ இன்னைக்கு அஞ்சு தடவை நின்னே. அடிக்கிறதைப் பழகிக்கலாம். பந்து வர்றதுக்கு முன்னாடி அங்கே போய் நிக்கிறதை ஒருத்தரும் பழகினதா நான் பார்த்ததில்லை. நீ எப்படிப் போறே?"

"தெரியலீங்க. அங்கதான் வரும்னு தோணும். போயிருவேன்." பிறகு, "நான் அஞ்சு உட்டுட்டேன்னுதான் எண்ணிட்டு இருந்தேனுங்க" என்றான்.

"நானும் அதே அஞ்சைத்தான் எண்ணினேன்."

எழுந்து போகும்போது, "காலையில எத்தன மணிக்குங்க?" என்று கேட்டான்.

நான்காம் நாள் இறக்கம். ஓவர்சியர் அர்த்தநாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. நல்லம்மா வேகவைத்த கிழங்கை இலையில் கட்டி அவனிடம் கொடுத்தார். "நல்லா இரு சாமி" என்றார். பிறகு என்னிடம் வந்து, "உங்களுக்கு மூணு நாளு சோறு போட்டது தப்புங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. குனிந்து குடையை எடுத்துக்கொண்டேன். ஏறும்போது வலிக்காத இடங்களெல்லாம் இறங்கும்போது வலித்தன. என் பையையும் அவனே சுமந்தான்.

சேலத்தில் செயலாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோல் போட்டானா?"

"இல்லை சார்."

"பின்ன எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அஞ்சு தடவை தவறவிட்டான் சார். அந்த அஞ்சு தடவையும் அங்கே வேற யாருமே இல்லை."

அவர் உறையை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மலைக்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "ஆறு மாசம். உங்க பொறுப்பு" என்றார்.

அந்த ஆறு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவன் தவறவிடும்போதெல்லாம் செயலாளர் பந்தைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். மூத்தவர்களில் ஒருவர் வேறு மில்லுக்குப் போனதால்தான் அவன் டீமில் தங்கினான். மாலை ஷிப்டு முடிந்ததும் ஆலைச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். வாட்ச்மேன் இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஒரு மழைநாளில் மூன்று கோல் போட்டான். அதன்பின் நிற்கவே இல்லை. மூன்றாம் வருஷம் மாநில டீமுக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அவன் அடைந்த பேரும் புகழும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்தவைதான். மலையில் இருந்த அந்த மூன்று மாதத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. எழுத அதில் ஒன்றும் இல்லை.

மாநில டீமோடு முதல் முறையாக வெளியூருக்கு அவனை ரயிலேற்ற மில்லே திரண்டு சேலம் ஜங்ஷனுக்கு வந்தது. செயலாளர் மாலை போட்டார். நான் பின்னால் நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனே ஜன்னலோரம் கூப்பிட்டான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து முகத்தை அதற்கேற்பத் தயார் செய்துகொண்டேன்.

"சார், நேத்து ராத்திரி யோசிச்சேனுங்க. அன்னிக்கு நீங்க கூப்பிடாமப் போயிருந்தா என்ன ஆயிருப்பேன்னு."

"என்ன ஆயிருப்பே?"

"மேலயே இருந்திருப்பேனுங்க. மேஸ்திரியா. வாராவாரம் சந்தையில ஆடிட்டு." சிரித்தான். "நல்லாத்தான் இருந்திருப்பேன்."

விசில் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது. அவனைக் கரையேற்றியது நான்தான் என்று மூன்று வருஷமாக மனத்துக்குள் வைத்திருந்த பெருமை, அந்த ஜன்னலோடு சேர்ந்து பிளாட்பாரத்தைத் தாண்டிப் போயிற்று. எனக்கு வருத்தமாக இல்லை. அவன் சொன்னது நிஜம். மூன்றே நாள் அங்கே இருந்த எனக்கே, அன்று காலையில் மலையைவிட்டு இறங்கி வர மனம் இல்லை.